நாட்செஸ் போகிறீர்களா? மாளிகையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் போகிறோம், அப்படியே நாட்செஸையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறைய. அதுதான் முதல் தவறு. போக மட்டும் சுமார் 170 மைல், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். காலையில் சாவகாசமாகக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள், அதற்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் பாதி நாள் போய்விட்டது. பழைய மாளிகைகளுக்குள் நாமாக நுழைந்து சுற்றிப் பார்க்க முடியாது. பெரும்பாலும் குறித்த நேரத்தில் வழிகாட்டி அழைத்துப் போவார், அதிலும் கடைசிச் சுற்று சாயங்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும். மிசிசிப்பி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஆற்றை ஒட்டிய உயரமான மேட்டில் இருக்கிற ஊர் இது. மக்கள்தொகை பதினைந்தாயிரத்தைத் தொடாது. ஊர் சின்னதுதான், ஆனால் 1716இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டிய காலத்திலிருந்து சேர்ந்த சரக்கு அங்கே இருக்கிறது. இரண்டு ராத்திரி தங்குங்கள்.

அடுத்த தவறுதான் பெரிய தவறு, அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். வந்தவுடன் நேராக ஸ்டான்டன் ஹாலுக்குப் போவார்கள். 1857இல் கட்டி முடித்த வீடு, வெள்ளைத் தூண்கள், ஆளுயரக் கண்ணாடிகள், சரவிளக்குகள். பிரமிப்பாகத்தான் இருக்கும். பருத்தியில் சம்பாதித்த பணம் என்பார்கள். அமெரிக்காவின் கோடீஸ்வரர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் இந்த ஊரில்தான் இருந்தார்கள் என்று ஒரு வாசகமும் ஊரெல்லாம் சுற்றுகிறது. யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரின்போது, 1862இல், ஊர் வடக்குப் படையிடம் சரணடைந்துவிட்டதால் இந்த வீடுகள் பெரிய சேதமில்லாமல் தப்பின. சரி, அந்தப் பருத்தியை யார் பறித்தார்கள்? இந்தக் கேள்வி மனதில் இல்லாமல் நான்கு வீடு பார்த்தால் ஐந்தாவது வீட்டில் எல்லாம் ஒரே மேஜை நாற்காலியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அதனால் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்' என்ற இடத்துக்குப் போங்கள். செயின்ட் கேத்ரின் தெரு போய் முடிகிற முச்சந்தி. பார்க்க ஒன்றுமே இருக்காது, அதைச் சொல்லிவிடுகிறேன். புல்தரை, சில விளக்கப் பலகைகள், சிமெண்டில் பதித்து வைத்த கால் விலங்குகள், பக்கத்தில் கார்கள் போய்க்கொண்டிருக்கும். ஆனால் தென் மாநிலங்களின் உட்பகுதியில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை நடந்தது இங்கேதான். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கங்களிலிருந்து ஆட்களைச் சங்கிலியில் கோத்து நடக்க வைத்தும் கப்பலில் ஏற்றியும் கொண்டுவந்து விற்றார்கள். சந்தை ஊருக்கு வெளியே அமைந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1833இல் காலரா வந்தபோது, ஐசக் ஃபிராங்க்ளின் என்ற வியாபாரியின் தரப்பு இறந்த அடிமைகளை ரகசியமாகப் புதைத்தது வெளியே தெரிந்து, ஊர்க்காரர்கள் கொதித்துப்போய் வெளியூர் வியாபாரிகளை ஊர் எல்லைக்கு வெளியே தள்ளினார்கள். கவனியுங்கள், விற்பனையை நிறுத்தவில்லை, எல்லையைத் தாண்டிப் போகச் சொன்னார்கள். 1863இல் வடக்குப் படை ஊருக்குள் வந்து தங்கிய பிறகுதான் சந்தை ஓய்ந்தது. அந்த இடம் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்ததோ 2021இல்தான்.

இதைப் பார்த்துவிட்டு மெல்ரோஸ் மாளிகைக்குப் போங்கள், வீடு வேறு மாதிரி தெரியும். இதுவும் பூங்காத் துறையிடம்தான் இருக்கிறது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே கயிற்றால் ஆட்டும் விசிறியான பெரிய மரப் பங்கா ஒன்று தொங்கும். நம்மூரில் வெள்ளைக்காரன் காலத்து அலுவலகங்களில் தொங்கிய பங்காவின் உறவுதான். துரைமார் சாப்பிட்டு முடிக்கும்வரை ஓர் அடிமைச் சிறுவன் மூலையில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறைய பேர் பங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் அடிமைகள் தங்கிய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன, அங்கேயும் நடந்து போய்ப் பாருங்கள்.

ஊர் நடுவில் வில்லியம் ஜான்சன் வீடு இருக்கிறது. சின்ன செங்கல் வீடு என்பதால் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு இதுதான் ஊரிலேயே முக்கியமான வீடு. ஜான்சன் 1809இல் அடிமையாகப் பிறந்து, 1820இல் விடுதலை பெற்று, முடிதிருத்தும் கடைகள் வைத்து, வெள்ளைக்காரர்களுக்கே வட்டிக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தவர். அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் மறைக்க வேண்டாம். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார்: யார் யாரோடு சண்டை போட்டார்கள், குதிரைப் பந்தயத்தில் யார் தோற்றார்கள், எல்லாம். 1851இல் நில எல்லைத் தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பார்த்த சாட்சிகள் கறுப்பர்கள். வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லக் கூடாது என்பது சட்டம். குற்றம் சாட்டப்பட்டவர் தான் கறுப்பரே இல்லை என்று வாதாடித் தப்பிவிட்டார்.

லாங்வுட் மாளிகையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கட்டி முடிக்காத வீடுதானே என்று விட்டுவிடாதீர்கள், முடிக்காததுதான் அதன் விசேஷம். எண்கோண வடிவம், தலையில் வெங்காயம் மாதிரி ஒரு குவிமாடம். ஹாலர் நட் என்ற பருத்தி முதலாளி 1860இல் ஆரம்பித்தார், 1861இல் போர் வெடித்ததும் ஃபிலடெல்பியாவிலிருந்து வந்த தச்சர்கள் கருவிகளை அப்படியே போட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். கீழ்த்தளம் மட்டும் முடிந்தது, 1864இல் அவரும் போய்ச் சேர்ந்தார், குடும்பம் அந்தக் கீழ்த்தளத்திலேயே காலத்தை ஓட்டியது. மேலே ஏறினால் வெறும் செங்கலும் உத்தரங்களும்தான்.

செயின்ட் கேத்ரின் தெருவுக்குத் திரும்பி வந்தால், அதன் ஊர்ப்பக்க முனையில் ரிதம் கிளப் நினைவிடம் இருக்கிறது. 1940 ஏப்ரல் 23 இரவு நடன நிகழ்ச்சியில் தீப்பிடித்து 209 கறுப்பின மக்கள் இறந்தார்கள். அலங்காரத்துக்கு உள்ளே தொங்கவிட்டிருந்த காய்ந்த ஸ்பானிஷ் பாசி (மரக்கிளைகளில் தொங்கி வளரும் செடி) பற்றிக்கொண்டது, டிக்கெட் இல்லாதவர்கள் நுழையாமலிருக்க ஜன்னல்களைப் பலகையடித்து மூடியிருந்தார்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

பருத்திக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் முன்னாலேயே அங்கே நாட்செஸ் பழங்குடியினர் இருந்தார்கள், ஊர்ப் பெயரே அவர்களுடையது. அவர்கள் 1729இல் கோட்டையைத் தாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திருப்பி அடித்து, பிடிபட்டவர்களைக் கரீபியத் தீவுக்கு அடிமைகளாக விற்றார்கள். நாட்செஸ் மக்களின் தலைமைக் கிராமமான கிராண்ட் வில்லேஜ் ஊருக்குள்ளேயே இருக்கிறது. எமரால்ட் மேடு நாட்செஸ் ட்ரேஸ் சாலையில் 10.3ஆவது மைல்கல் அருகே. அதை "மண் மேடுதானே" என்று காரிலிருந்தே பார்த்துவிட்டுப் போகாதீர்கள். எட்டு ஏக்கரில் மனிதர்கள் கூடையில் மண் சுமந்து கொட்டிக் கட்டியது, மேலே ஏறி நின்றால்தான் அளவு புரியும்.

அந்த ட்ரேஸ் சாலை 444 மைல் நீளம், நாஷ்வில் வரை போகும். ஹைவே என்று நினைத்து மிதிக்காதீர்கள், பெரும்பாலும் மணிக்கு 50 மைல்தான் வேக வரம்பு. லாரி கிடையாது, கடை கிடையாது, சாலையிலேயே பெட்ரோல் பங்கும் கிடையாது. டேங்கை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு மான்கள் குறுக்கே வரும்.

ஜூலை, ஆகஸ்டில் போகவே போகாதீர்கள், ஈரப்பதத்தில் வெந்துவிடுவீர்கள். மார்ச், ஏப்ரல் நல்லது. 1932 முதல் நடக்கிற வசந்தகால வீடு பார்க்கும் விழாவில், வழக்கமாக மூடியிருக்கும் தனியார் வீடுகளையும் திறந்துவிடுவார்கள். அறைகளும் அப்போது சீக்கிரம் நிரம்பிவிடும். அக்டோபரில் பலூன் விழா இருக்கிறது, அதற்கும் இதே கதை. விழா இல்லாத நாளில் அழகாக இருக்கிறதே என்று யார் வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் நுழைந்துவிடாதீர்கள், பல வீடுகளில் இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன.

மேட்டுக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிற 'அண்டர் த ஹில்' என்றால் பழைய துறைமுகப் பேட்டை அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பகுதியை ஆறு தின்றுவிட்டது, மிச்சம் சில்வர் தெருவும் சில கட்டடங்களும். ஆனால் சாயங்காலம் மேட்டின் மேல் இருங்கள். எதிர்க்கரை லூசியானா, மேற்குத் திசை, சூரியன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கும்.

அப்புறம் சாப்பாடு. சைவம் என்றால் 'காய்கறி' என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பி ஆர்டர் செய்யாதீர்கள். கீரையும் பீன்ஸும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பதுதான் தென்பகுதி வழக்கம், அங்கே பிஸ்கட் என்று சொல்லும் மெத்தென்ற ரொட்டியிலேயே பன்றிக் கொழுப்பு இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அசைவக்காரர்கள் சோள மாவில் இறைச்சி வைத்துச் சுருட்டிய தமாலியை விடாதீர்கள். மெக்சிகோ சமாச்சாரம்தான், ஆனால் மிசிசிப்பி ஓரத்தில் வேறு காரத்தோடு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறு மாலையும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். அந்த நாட்களில் தங்குவதாக இருந்தால் அறையில் கொஞ்சம் ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.