விட்டோரியாவில் மேலே போய்க் கீழ்நோக்கி நடங்கள்

ஸ்பெயினின் பாஸ்க் பகுதி நகரமான விட்டோரியா-காஸ்டெய்ஸின் பழைய பகுதியைப் பார்க்கப் போனால், முதலில் நகரும் சாய்தளத்தில் மேலே போய்விடுங்கள். நடையைக் கீழ்நோக்கி வையுங்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் ஓடும் இந்தச் சாய்தளத்துக்குக் கட்டணம் கிடையாது.

பழைய நகரம் பாதாம் பருப்பு வடிவில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. நீண்ட தெருக்கள் குன்றை ஒட்டி வளைந்து போகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டும் 'காந்தோன்' சந்துகள்தாம் முழங்காலைச் சோதிப்பவை. அந்த ஏற்றம் மிச்சமானால், கொல்லர், செருப்புத் தைப்பவர், கத்தி செய்பவர் எனத் தொழில்களின் பெயர் தாங்கிய தெருக்களைப் பெயர்ப்பலகை பார்த்தபடி ரசித்து இறங்கலாம்.

பின்னிரவில் சாய்தளம் ஓடாது. கீழே விர்ஹென் பிளாங்கா சதுக்கம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. மேலே உள்ள சாந்தா மரியா கதீட்ரலை வழிகாட்டியுடன் பார்க்கத் தனி டிக்கெட் வேண்டும்.