திருவருகைக் காலம்: முதல் நாளே குடிலுக்கு ஓடுவதும் வேறு சில தவறுகளும்

கிறிஸ்துமசுக்குக் காத்திருந்து ஆயத்தமாகும் வாரங்களான திருவருகைக் காலத்தை வீட்டிலோ சிறு குழுவிலோ முதன்முறையாக அனுசரிக்க நினைப்பவர்கள் தங்கள் திட்டத்தை என்னிடம் காட்டுவதுண்டு. நாங்கள் ஒரு காலத்தில் போட்ட அதே திட்டங்கள், கையெழுத்து மட்டும் வேறு. ஜெப நேரத்தில் செல்போனைப் பார்ப்பது தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். பக்தியோடும் ஆர்வத்தோடும் செய்யப்படும் தவறுகளைத்தான் யாரும் தட்டிக் கேட்பதில்லை.

டிசம்பர் 1-இல் தொடங்குவது

நாளுக்கொரு கதவாகத் திறக்கும், 24 கதவுகள் உள்ள அட்டை நாட்காட்டிகள் செய்த குழப்பம் இது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே அட்டையை அச்சடிக்க டிசம்பர் 1 வசதி, அவ்வளவுதான். திருவருகைக் காலம் தொடங்குவது கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்காவது ஞாயிற்றுக்கிழமை. புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-ஐ ஒட்டி வரும் ஞாயிறு என்றும் சொல்லலாம். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். 2022-இல் 28 நாட்கள் கிடைத்தன. 2023-இல் 22 நாட்கள்தான். (கீழைச் சபைகளின் கணக்கு வேறு. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பல பிறப்பு விழாவுக்கு முன் 40 நாள் நோன்பிருக்கின்றன.) அட்டையை நம்பித் தொடங்கினால் பல ஆண்டுகளில் முதல் ஞாயிறு கைநழுவிவிடும். அதை இழப்பது ஏன் பெரிய இழப்பு என்பது அடுத்த தவறோடு சேர்ந்தது.

முதல் நாளே குடிலுக்கு ஓடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஓர் இளம் தம்பதியர் குடும்ப ஜெபத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டி, இரண்டாம் நாள் இடையர்கள், மூன்றாம் நாள் வானதூதர்களின் பாட்டு. பத்தாம் நாளுக்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ‘கழுதையின் பணிவு’, ‘மாட்டின் மூச்சுக்காற்று’ என்றெல்லாம் தலைப்புகள். தீராமல் என்ன செய்யும்? இயேசுவின் பிறப்பும் குழந்தைப் பருவமும் மத்தேயுவில் இரண்டு அதிகாரம், லூக்காவில் இரண்டு அதிகாரம், அத்தோடு சரி. மாற்கு நேராகத் திருமுழுக்கு யோவானிடம் தொடங்கிவிடுகிறார். அந்த மாடும் கழுதையும்கூடப் பிறப்பு வரலாற்றில் இல்லை. எசாயா 1:3-இலிருந்து கிறிஸ்துமஸ் குடிலுக்குள் வந்து நின்றுகொண்டவை.

சரக்கு தீர்வதாவது போகட்டும். முதல் ஞாயிறு வாசகங்களை எடுத்துப் பாருங்கள், அவற்றில் குழந்தையே கிடையாது. கத்தோலிக்க வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருபவை. ஓர் ஆண்டு மத்தேயு 24: நோவாவின் காலத்தைப் போல, யாரும் நினையாத வேளையில் மானிட மகன் வருவார். இன்னோர் ஆண்டு மாற்கு 13: வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும்போது வருவாரோ தெரியாமல் வாயில்காவலர் விழித்திருக்க வேண்டும். மற்றோர் ஆண்டு லூக்கா 21: கடல் கொந்தளிக்க, உலகமே கலங்க, நம்மைத் தலைநிமிர்ந்து நிற்கச் சொல்கிறார் இயேசு. சீர்திருத்தச் சபைகள் பலவற்றின் அட்டவணையும் இதை ஒட்டியதே. ஆக, முதல் இரண்டு வாரங்களின் பார்வை பெரும்பாலும் இரண்டாம் வருகையின் மீது, அதாவது கிறிஸ்து உலக முடிவில் மீண்டும் வருவதன் மீது இருக்கிறது. டிசம்பர் 17-க்குப் பிறகுதான் வாசகங்கள் முழுதாகப் பெத்லகேம் பக்கம் திரும்புகின்றன.

‘பண்டிகை நேரத்தில் நியாயத்தீர்ப்பு எதற்கு, பிள்ளைகள் பயப்படுவார்களே’ என்பார்கள். பிள்ளைகள் பயப்படுவதில்லை. மாற்கு 13-ஐ வாசித்துவிட்டு, “இன்று இரவு இந்த வீட்டுக்கு வாயில்காவலர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள், போட்டி போட்டுக் கையைத் தூக்குவார்கள். சங்கடப்படுவது பெரியவர்கள்தான்.

ஒரு குழுவில் நடந்தது. அக்டோபரில் மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் முதல் கூட்டத்துக்கு வந்திருந்தார். வழிநடத்தியவர் எடுத்த எடுப்பிலேயே கிறிஸ்துமஸ் கீதங்களைத் தொடங்கினார். எல்லார் முகத்திலும் சந்தோஷம் தெரிய வேண்டும் என்று வேறு சொன்னார். அந்த மனிதர் அடுத்த வாரம் வரவில்லை. அந்த ஆண்டு அந்த ஞாயிறுக்குரிய முதல் வாசகம் எசாயா 63, 64: வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரா என்று ஒரு மக்களினமே கடவுளைப் பார்த்துக் கதறும் பகுதி. அவருக்கென்றே எழுதி வைத்தது போன்ற ஜெபம், வாசிக்கப்படாமலே போயிற்று.

மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் பெற்ற மூன்றாம் ஞாயிறைக்கூடப் பாருங்கள். மத்தேயு ஆண்டில் அன்று கேட்பது சிறையில் கிடக்கும் யோவானின் கேள்வி: வர இருப்பவர் நீர்தாமா, இல்லை வேறு ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா? லூக்கா ஆண்டில் கூட்டம் யோவானிடம் கேட்கிறது, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று. இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றைக் கொடுக்கட்டும். வரி தண்டுவோர் குறித்த தொகைக்கு மேல் வாங்க வேண்டாம். படைவீரர் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்க வேண்டாம். இவ்வளவு தெளிவான வீட்டுப்பாடம் கையில் இருக்கும்போது மாட்டின் மூச்சுக்காற்றைப் பற்றி எதற்குத் தியானிக்க வேண்டும்?

சரி, எப்படித் திருத்துவது? குடிலை முன்கூட்டியே வைத்துவிட்டீர்கள் என்றால் இருக்கட்டும், தொட்டி மட்டும் காலியாக இருக்கட்டும். இடையர்கள், சிமியோன், அன்னா, ஞானிகள், எகிப்துக்கு ஓடியது எல்லாவற்றையும் 25-க்குப் பின்னால் தள்ளுங்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் அன்றுதானே தொடங்குகிறது? டிசம்பர் 28 ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் திருநாள், ஜனவரி 6 ஞானிகள் வந்து வணங்கியதை நினைக்கும் திருக்காட்சி. முன்கூட்டியே எல்லாவற்றையும் தீர்த்துவிட்ட வீடுகளில் 26-ஆம் தேதி ஜெபப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

தினம் ஒரு லூக்கா அதிகாரம்

லூக்காவில் 24 அதிகாரம், டிசம்பரில் கிறிஸ்துமசுக்கு முன் 24 நாள். கணக்கு அழகாகப் பொருந்துவதால் பலருக்கும் பிடிக்கிறது. ஒரு நற்செய்தி நூலை முழுதாக வாசித்தே இராதவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் இரண்டாம் நாளே பிறப்பு முடிந்துவிடும், 24 அன்று உயிர்ப்பில் நிற்பீர்கள். இதைத் திருவருகைத் தியானம் என்று நான் சொல்லமாட்டேன்.

விட்ட நாட்களைச் சேர்த்துப் படிப்பது

வேண்டாம். விட்டது விட்டதுதான். இன்றைய பகுதியைப் படியுங்கள்.

மெழுகுவர்த்தியின் நிறத்துக்குச் சண்டை

திருவருகை வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளில் மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம் என்பது பரவலான வழக்கம். ஊதாவுக்குப் பதில் நீலம் வைக்கும் சபைகள் உண்டு, நான்கும் சிவப்பாக வைப்பவர்களும் உண்டு. இந்த வளையத்தின் தொடக்கத்தைப் பாருங்கள்: 1839-இல் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற போதகர் தம் இல்லத்து ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்திகளையும் மற்ற நாட்களுக்குச் சிறியவற்றையும் பொருத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததுதான் காரணம் என்பார்கள். கையில் இருக்கும் மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள்.

தவக்காலத்தின் நகலாக்குவது

குருவின் ஊதா உடையைப் பார்த்துவிட்டுச் சிலர், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனின் முகத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் விடுபடுகிறது, உண்மைதான். ஆனால் தவக்காலத்தில் நின்றுபோகும் ‘அல்லேலூயா’ இங்கே நிற்பதில்லை.

நான்காம் வாரத்தை நம்பியிருப்பது

மரியா, யோசேப்பு, வானதூதரின் அறிவிப்பு எல்லாவற்றையும் நான்காம் வாரத்துக்கு ஒதுக்கி வைப்பார்கள். 2023-இல் நான்காம் ஞாயிறு டிசம்பர் 24. காலையில் நான்காவது மெழுகுவர்த்தி, மாலையில் கிறிஸ்துமஸ் திருவிழிப்பு. அந்த வாரம் என்று ஒன்று இருக்கவேயில்லை. 2028-இலும் இதே கதைதான். அதனால் வாரக் கணக்கை விட்டுவிட்டு 17-ஆம் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 17 முதல் 23 வரை மாலை ஜெபத்தில் மரியாவின் பாடலுக்கு முன் பாட ஏழு பழைய விளிப்புகள் உள்ளன: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் சுடரே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. ஒவ்வொன்றும் ‘வாரும்’ என்ற வேண்டுதலில் போய் முடியும். ஒரு மாலைக்கு ஒன்று, கூடவே லூக்கா 1-இல் ஒரு சிறு பகுதி. திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியாவின் ஊமை நாட்களையும் அப்போதே வாசித்துவிடலாம்.