பிரிவினைக்கு வசனம் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் வாலிபர் வேதபாடத்தில் ஒரு தம்பி எழுந்து, சபை ஏன் பிரிந்தே ஆகவேண்டும் என்று கால் மணி நேரம் பேசினான். ஏழு வசனம் எடுத்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் எடுத்த அதே ஏழு. வரிசைகூட மாறவில்லை.

அதிகாரத்தை மாற்றிச் சொல்வது, ஏசாயா சொன்னதைப் பவுல் தலையில் கட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் முன்பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாரே திருத்திவிடுவார்கள். அவர்களிடமும் தப்பித்துப் போகிறவை வேறு.

‘பட்டயத்தையே அனுப்பவந்தேன்’

மத்தேயு 10:34இல் நிறுத்தாமல் அடுத்த இரண்டு வசனத்தையும் வாசியுங்கள். விசுவாசத்தின் நிமித்தம் சொந்த வீட்டில் வரும் பகையைப் பற்றிய பேச்சு அது. கமிட்டித் தேர்தலைப் பற்றியது அல்ல.

‘பவுலும் பர்னபாவுமே பிரிந்தார்களே’

சேர்ந்து ஊழியப் பயணம் போன அந்த இருவரும் பிரிந்தார்கள். ‘கடுங்கோபமூண்டபடியினால்’ என்று அப்போஸ்தலர் 15:39 ஒளிக்காமல் சொல்கிறது. நடந்ததை எழுதிவைத்திருக்கிறார்களே தவிர, நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று எழுதவில்லை. பிரிந்ததும் பயணக்குழுதான், அந்தியோகியாவில் பவுல் சபை, பர்னபா சபை என்று இரண்டு முளைக்கவில்லை. கூட்டிப்போவதா வேண்டாமா என்று சண்டைக்குக் காரணமான மாற்குவையே, ‘ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்’, கூட்டிக்கொண்டு வா என்று 2 தீமோத்தேயு 4:11இல் கேட்கிறார் பவுல். 15ஆம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் இந்த வசனத்துக்கு வந்து சேர்வதில்லை.

‘மார்க்கபேதங்களும் உண்டாயிருக்கவேண்டியதே’

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். காரணம், இதை வைத்து ஒரு சபையை உடைத்தவர்களில் நானும் ஒருவன்.

1 கொரிந்தியர் 11:19: ‘உங்களில் உத்தமர்கள் எவர்களென்று தெரியும்படிக்கு மார்க்கபேதங்களும் உங்களுக்குள்ளே உண்டாயிருக்கவேண்டியதே.’ இருபத்தைந்து வயதுக்காரனுக்கு இதைவிட இனிப்பான வசனம் உண்டா? பிரிந்துபோகிற நாம்தான் உத்தமர்கள் என்று வேதமே சான்றிதழ் கொடுத்துவிட்டது! உண்மையில் எங்கள் சண்டை சபைக்குச் சொந்தமான இரண்டு கடைகளின் வாடகையைப் பற்றியது. அதற்கு உபதேசச் சாயம் பூச இந்த வசனம் வசதியாக இருந்தது. பதினேழு குடும்பம் என் பின்னால் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் ஆராதனை தொடங்கினோம். நாலாம் வருஷம் அதுவும் இரண்டாக உடைந்தது. உடைத்த பையன் எடுத்ததும் இதே வசனம்தான்.

அப்போது நான் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று: முன்னும் பின்னும் வாசிப்பது. 17ஆம் வசனத்தில், உங்களைப் புகழமாட்டேன் என்ற பொருளில்தான் பவுல் தொடங்குகிறார். கர்த்தருடைய பந்திக்குக் கூடுகிற இடத்தில், வசதி உள்ளவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறான்; ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.’ அவர் கண்ட பிரிவினை இதுதான். ‘இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?’ என்று கேட்கிறவரிடம் போய்ப் பிரிவதற்கு அனுமதிச் சீட்டு வாங்கினோம் நாங்கள். நம் பக்கத்தில் இதற்குச் சரியான உதாரணம் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம். ஒரே விசுவாசம், ஒரே பீடம். ஆனால் சாதிக்கொரு பக்கமாக உட்கார இரண்டு சிறகு வைத்துக் கோவிலைக் கட்டினார்கள். உள்ளே இருந்த தடுப்பு 1910இல்தான் போனது. 11ஆம் அதிகாரம் குறிவைப்பது அந்தத் தடுப்பை.

‘வேண்டியதே’ என்ற சொல்லிலும் ஏமாறக்கூடாது. ‘இடறல்கள் வருவது அவசியம்’ என்று மத்தேயு 18:7இலும் இருக்கிறது. அதே மூச்சில், எவனால் வருகிறதோ ‘அவனுக்கு ஐயோ’ என்றும் இருக்கிறது. அவசியம் என்று படித்துவிட்டு யாராவது இடறல் உண்டாக்கக் கிளம்புவார்களா? ஒரே சொல் வரும் மற்ற வசனங்களைக் காட்டும் ஒத்தவாக்கியப் பைபிளை விரித்தால் இன்னொன்று கண்ணில் படும். ‘மார்க்கபேதங்கள்’ என்ற அதே சொல் கலாத்தியர் 5:20இலும் வருகிறது. அங்கே அது மாம்சத்தின் கிரியைகளின் பட்டியலில், பில்லிசூனியத்துக்கும் கொலைக்கும் நடுவே நிற்கிறது. கொரிந்துவில் சான்றிதழ், கலாத்தியாவில் குற்றப்பத்திரிகையா?

என் பேச்சை நம்பி வந்த பதினேழு குடும்பத்தில் என் அத்தையும் ஒருவர். எனக்கு முதல் வசனம் சொல்லிக்கொடுத்தவர். அவர் இறந்தபோது மாமாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சாவி பழைய சபையிடம் இருந்தது. வண்டியில் உடல் கிடக்க, கேட்டுக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் பேரம் பேசினேன். எதிரே நின்றவர் என்னோடு ஓய்வுநாள் பள்ளி படித்தவர். அவரும் வசனம் சொன்னார். கடைசியில் ஊர்ப்பொது இடத்தில்தான் அடக்கம் செய்தோம்.

அதே அதிகாரத்தில் பவுல் சொல்லும் தீர்வு 33ஆம் வசனத்தில் இருக்கிறது: ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.’ அவ்வளவுதான்.

‘புறப்பட்டுப் பிரிந்துபோய்’

2 கொரிந்தியர் 6 பேசுவது விக்கிரகத்தையும் அவிசுவாசியையும் பற்றி. பக்கத்துத் தெருச் சபையைப் பற்றி அல்ல.

பிரியச் சொல்லும் வசனமே இல்லை என்று சொல்வது

இதுவும் தவறுதான், திருந்தியவர்கள் செய்கிற தவறு. வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தால் வானத்துத் தூதனானாலும் சபிக்கப்பட்டவன் என்கிறது கலாத்தியர் 1:8. ரோமர் 16:17 ‘விலகவேண்டும்’ என்கிறது. ஆனால் யாரை விட்டு? பிரிவினை உண்டாக்குகிறவனை விட்டு. பிரிந்துபோக இந்த வசனத்தை எடுக்கிறவர், விரல் தன் பக்கம்தான் திரும்பியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஐக்கியத்தை வாய்ப்பூட்டாக்குவது

1919இல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள், இந்தப் பிரிவுகள் வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்று அறிக்கை விட்டார்கள். அசரியா அத்தியட்சர் (பிஷப்) அதில் முன்னணியில் நின்றவர். 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஒன்றாக இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர் உயிரோடு இல்லை. பேச்சுவார்த்தைக்கு ஆனது இருபத்தெட்டு வருஷம். ‘அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்’ என்ற யோவான் 17ஆம் அதிகார ஜெபத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. இன்றைக்குச் சில இடங்களில் காணிக்கைக் கணக்கைக் கேட்கிறவனை உட்காரவைக்க அதே வசனத்தை வாசிக்கிறார்கள். பவுல் பேதுருவை ‘முகமுகமாய்’ எதிர்த்தார். எதிர்த்தார், தனிச்சபை தொடங்கவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஹால் பிடித்தபிறகு வசனம் தேடுவது

வகுப்பு முடிந்ததும் அந்தத் தம்பியிடம் கேட்டேன். “அட்வான்ஸ் குடுத்து ரெண்டு வாரமாச்சு, அண்ணாச்சி” என்றான்.