பல்லாங்குழியில் வகுத்தல்: முதல் ஆட்டம் ஆடுவது எப்படி?

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வகுத்தல் என்றாலே கண் கலங்கிவிடும். ‘மீதி’ என்றால் என்னவென்று பிடிபடவே இல்லை. கடைசியில் புரியவைத்தது பல்லாங்குழிதான்.

பலகை தேடி அலைய வேண்டாம். நாங்கள் முதலில் ஆடியது கடலூர் வெள்ளிக் கடற்கரையில், ஈர மணலில் ஏழேழாக இரண்டு வரிசை குழி பறித்து. புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். கைக்குழந்தை பக்கத்தில் இருந்தால் கவனம், சட்டென்று வாயில் போட்டுக்கொள்ளும்.

எத்தனை கொட்டை வேண்டும் என்று பிள்ளையையே கேளுங்கள். 14 குழி, குழிக்கு 5. விடை 70 என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். தப்பாகச் சொன்னால் கடைசிக் குழி நிரம்பாமல் நிற்கும், இல்லை கொட்டை மிஞ்சும்; பிள்ளையே திரும்ப எண்ணிப் பார்க்கும்.

அப்புறம் ஆட்டம். உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்று போட்டுக்கொண்டே எதிர் வரிசைக்குச் சுற்றி வாருங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு உங்கள் முறை முடிந்தது. நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கும் விதியை முதல் வாரம் விட்டுவிடுங்கள், குழப்பும்.

அள்ளுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: “கடைசிக் கொட்டை எங்கே விழும்?” மூன்றாவது குழியில் 5 இருந்தால் எட்டாவதில், அதாவது எதிராளியின் முதல் குழியில். முதல் ஆட்டத்தை அந்த மூன்றாவது குழியிலேயே தொடங்கிப் பாருங்கள். சுற்றிச் சுற்றி வந்து, எட்டாவது குழியிலிருந்து சரியாக 7 கொட்டை கிடைக்கும்.

ஒரு பக்கம் முழுக்கக் காலியானால் ஆட்டம் முடிந்தது. எதிர்ப்பக்கம் மிச்சம் இருப்பது அந்த எதிர்ப்பக்கத்துக்காரருக்கு. இனிதான் வகுத்தல். அவரவர் கொட்டையை மறுபடி ஐந்தைந்தாகத் தம் குழிகளில் நிரப்ப வேண்டும். அன்று மகளிடம் 33, என்னிடம் 37. ஆறு குழி நிரப்பிவிட்டு, உள்ளங்கையில் மூன்று கொட்டையோடு காலிக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது எங்கப்பா போகும்?”

“அதாம்மா மீதி.”

என் கையை விரித்துப் பார்த்தாள். ஏழு குழியும் நிரம்பி, இரண்டு இருந்தது.

“உன் மீதியையும் குடுப்பா. ஒரு குழிக்கு ஆகும்.”