‘அபாமினபிள்’: ஓர் அருவருப்புச் சொல்லின் வேரைத் தேடும் முறை

கடும் அருவருப்பைக் குறிக்கும் ‘அபாமினபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரை அறிய விரும்புவோர், கைபேசியில் முதலில் வந்து நிற்கும் விளக்கத்தை நம்பிவிடாமல், ஆண்டுவாரியாக மேற்கோள்களைத் தரும் பெரிய அகராதி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் 1896-இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலோ, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ ஆக்ஸ்போர்டு பேரகராதியைக் கேட்டுப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் கையடக்க அகராதி இதற்குப் போதாது.

பொருளைப் படிப்பதற்கு முன் பழைய எழுத்து வடிவங்களைப் பாருங்கள். குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் அங்கேதான். இச்சொல்லின் நடுவே பல நூற்றாண்டுகள் ‘ஹ’ ஒலிக்குரிய எழுத்து ஒன்று வேண்டாத விருந்தாளியாக உட்கார்ந்திருந்தது. லத்தீனில் ‘ஹோமோ’ என்றால் மனிதன் என்பதால், மனிதத் தன்மைக்குப் புறம்பானது என்பதே இதன் பொருள் என்று இடைக்காலப் படிப்பாளிகள் கருதி, அந்த எழுத்தைச் செருகினார்கள். 1598-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில், ஹோலோஃபெர்னஸ் என்னும் பள்ளி ஆசிரியர் அந்த எழுத்தை விட்டுவிட்டு உச்சரிப்பவனைக் கண்டு பொருமுகிறார். உண்மையில் பிழை ஆசிரியருடையதே.

அடுத்து, வேர்ப்பகுதிக்கு வாருங்கள். ‘அப்’ என்பது விலகலையும் ‘ஓமன்’ என்பது சகுனத்தையும் குறிக்கும். தீய சகுனம் கண்டவர் ‘இது நம்மை அண்டாதிருக்கட்டும்’ என்று வேண்டி ஒதுங்கும் செயலுக்கே லத்தீனில் இவ்விரண்டும் சேர்ந்த வினை வழங்கியது. அச்சத்தில் பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்து, வெறுப்புக்கு உரியதாயிற்று.

நமது ‘அபசகுனம்’ உடனே நினைவுக்கு வரும். ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது என்பதால், இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ‘அப’ தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்தது. வடமொழியும் லத்தீனும் ஒரே குடும்பம். ஆகவே அந்த முன்னொட்டுகளுக்கு மூலம் ஒன்றே. ‘ஓமன்’, ‘சகுனம்’ இரண்டுக்கும் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை.

கடைசியாக, மொழிபெயர்ப்புகளில் சொல் எப்படி நடமாடியது என்று பாருங்கள். இதே வேரிலிருந்து வந்த ‘அபாமினேஷன்’ தமிழ் விவிலியத்தில் ‘அருவருப்பு’ என்றே நிற்கிறது. 1921-இல் எவரெஸ்ட் பயணக் குழுவின் சுமைதூக்கிகள், இமயப் பனியில் உலவுவதாக நம்பப்படும் மனித உருவ விலங்குக்குக் கூறிய பெயரைக் கல்கத்தாப் பத்திரிகையாளர் ஹென்றி நியூமன் ‘அபாமினபிள் ஸ்னோமேன்’ என்று பெயர்த்தார். தமிழில் நாம் ‘பனிமனிதன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.