வெப்பத்தைச் சேமிக்க எந்த உப்பு?

நீரேறிய உப்பைச் சூடாக்கினால் அதன் படிக நீர் (படிகத்துக்குள் பிணைந்துள்ள நீர்) ஆவியாக வெளியேறுகிறது. உலர்ந்த உப்பை ஈரம் புகாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிறகு நீராவி பட்டதும், வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தரும். தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: ஆற்றல் அடர்த்தி, அதாவது ஒரு லிட்டரில் சேமிக்கக்கூடிய வெப்பம், அதிகமுள்ள உப்பை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணைக் கடைசியில் பாருங்கள்.

படி 1: உங்கள் வெப்ப மூலம் எத்தனை டிகிரி தரும்? 100 டிகிரி செல்சியஸ்தான் என்றால் மெக்னீசியம் சல்பேட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அதன் நீரை ஏறக்குறைய முழுதும் விரட்ட 150 டிகிரி வேண்டும். பொட்டாசியம் கார்பனேட்டுக்கு 65 டிகிரியை ஒட்டியே போதும்.

படி 2: நஞ்சு கக்குவதை நீக்குங்கள். சோடியம் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடக்கூடும். அத்துடன் அதன் கதை முடிந்தது.

படி 3: கரைந்து போகுமா என்று பாருங்கள். கால்சியம் குளோரைடைச் சிறிது தட்டில் வைத்துவிட்டு, ஈரமான நாளில் சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். குருணை இருந்த இடத்தில் குட்டை நிற்கும். உப்பை அடைத்த கலனுக்குள் இதுவே நடந்தால் உப்பு கட்டிபட்டு நீராவிக்கு வழி அடைபடும். அறை வெப்பநிலையில் இந்தக் கரைதல் தொடங்கும் ஒப்பு ஈரப்பதம்: லித்தியம் குளோரைடுக்கு 11%, கால்சியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 30%, பொட்டாசியம் கார்பனேட்டுக்கு 43%.

படி 4: இப்போது கணக்கு. நீரேறிய பொட்டாசியம் கார்பனேட் ஒரு லிட்டர் படிகத்தில் சுமார் 13 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு). மோலுக்கு ஒன்றரை மோல் நீர். நீரின் ஒவ்வொரு மோலுக்கும் ஏறத்தாழ 64 கிலோஜூல் வெப்பம். ஆக மொத்தம் 1250 கிலோஜூல். மெக்னீசியம் சல்பேட்டுக்கு ஏட்டில் இதைப்போல் இரு மடங்கு வரும். ஆனால் அது நீரை ஏற்கும் வேகம் மந்தம், ஏட்டுச் சுரைக்காய்தான். குருணைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்துக்கு ஏறத்தாழ பாதியைக் கழியுங்கள். இன்னொன்றைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: உப்புக்கு ஊட்டும் நீரை ஆவியாக்க மோலுக்கு 44 கிலோஜூல் செலவாகும். அதை வெளிக்காற்றோ நிலமோ இலவசமாகத் தராவிட்டால், 64-இல் கைக்கு மிஞ்சுவது 20.

படி 5: எடை போட்டுப் பாருங்கள். 10 கிராம் நீரற்ற பொட்டாசியம் கார்பனேட் முழுதாக நீரேறினால் 11.96 கிராம் ஆகும். பத்து முறை உலர்த்தி நனையுங்கள். எடை 11.5-இலேயே நின்றால் குருணையின் உட்புறம் வரை நீர் சேரவில்லை. 12-ஐத் தாண்டினால் உப்பு கரையத் தொடங்கிவிட்டது, ஈரப்பதத்தைக் குறையுங்கள்.