கொடுவாவுக்கு டிராக் வைக்க ஒரு தண்ணீர் பாட்டில் போதும்

தூண்டிலில் மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கத்தில் நரம்பை (தூண்டில் கயிற்றை) விட வேண்டும் என்பதுதான் டிராக். கொடுவா மீனுக்கு 20 பவுண்டு தாங்கும் நரம்பு போட்டிருந்தால், 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ராடு வளையங்களில் கோத்த நரம்பின் நுனியில் கட்டி மெல்லத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பியதும் ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றிய உருளை) வழுக்கி நரம்பு விட்டால் டிராக் சரி.

20 பவுண்டு என்பது சுமார் 9 கிலோ. பாட்டிலின் 2 கிலோ அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. முடிச்சு நரம்பின் பலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். கொடுவா துள்ளித் தலையை உதறும்போது நரம்பில் திடீரென ஒரு வெட்டு இழுப்பு விழும். போதாததற்கு, ஸ்பூலில் நரம்பு குறையக் குறைய டிராக் தானாகவே இறுகும். மீதி பலம் இதற்கெல்லாம்தான்.

சுண்ணாம்பாறு, உப்பனாறு மாதிரி இடங்களில் திறந்த நீருக்குத்தான் இந்தக் கணக்கு. அலையாத்தி வேர், பாலத்தூண் ஓரம் என்றால் மீன் உள்ளே புகுந்து நரம்பை அறுத்துவிடும். அங்கே 20 பவுண்டு நரம்பை வைத்துக்கொண்டே டிராக்கை இறுக்காதீர்கள். 40 பவுண்டு பிரெய்டுக்கு (பின்னல் நரம்புக்கு) மாறி, பாட்டிலை இரண்டாக்குங்கள்.